சூப்பர்நோவா எச்சத்துக்குள் எக்ஸ்-கதிர் இரட்டை விண்மீன்: காப்பகத் தரவோடு முதல் ஆய்வைத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

என் முதுநிலை ஆய்வேட்டுக்குக் கிடைத்த ஆறு மாதத்தில் நான்கு மாதம் ஒரு வளையத்தைத் துரத்துவதிலேயே போயிற்று. பிரகாசமான ஓர் எக்ஸ்-கதிர் இரட்டை விண்மீனைச் சுற்றி மெல்லிய வட்டம் தெரிந்தது. சூப்பர்நோவா எச்சம், அதாவது விண்மீன் வெடித்துச் சிதறிய மிச்சம், என்றே நம்பிவிட்டேன். அது எச்சம் அல்ல. நமக்கும் அந்த விண்மீனுக்கும் நடுவே கிடந்த தூசில் எக்ஸ்-கதிர் சிதறியதால் வந்த ஒளிவட்டம். முதல் வாரத்திலேயே செய்திருக்க வேண்டிய ஒரு சோதனையைச் சொல்லித்தர அருகில் யாரும் இல்லை. அந்த நான்கு மாதம் உங்களுக்கு மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இயற்பியலில் இளநிலை முடித்தவர், சொந்தமாக மடிக்கணினி உள்ளவர், பெரிய ஆய்வு நிறுவனத்தில் இல்லாதவர் என்று உங்களை நினைத்துக்கொள்கிறேன். தொடங்க அதுவே போதும்.

வேலையில் இறங்குமுன் ஒன்றை மனத்தில் வையுங்கள். விண்மீன் வெடித்த எச்சம் சில பத்தாயிரம் ஆண்டுகளில் விண்வெளியில் கரைந்துவிடும். வெடிப்பில் பிறந்த நியூட்ரான் விண்மீனோ கருந்துளையோ தன் துணை விண்மீனிடமிருந்து பொருளை இழுத்து எக்ஸ்-கதிரில் ஒளிரத் தொடங்குவதற்குப் பெரும்பாலும் பல லட்சம், சிலவற்றில் பல கோடி ஆண்டுகள் ஆகும். இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது, கல்யாணப் பந்தலைப் பிரிப்பதற்குள் பேரப்பிள்ளையைப் பார்ப்பது போல. அதனால் ‘கண்டுபிடித்துவிட்டேன்’ என்று தோன்றும் ஒவ்வொரு முறையும் சந்தேகப்படுவதுதான் நியாயம்.

1. எந்த விண்மீனில் தொடங்குவது

புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கும் ஆசையோடு தொடங்காதீர்கள். ஏற்கெனவே உறுதியான ஒன்றை எடுத்து, வெளியான முடிவை உங்கள் கையால் மறுபடி பெறுங்கள். அப்படி எடுக்கத்தக்கவை சில உண்டு.

எஸ்எக்ஸ்பி 1062 தான் முதல் பயிற்சிக்கு என் தேர்வு. நம் பால்வெளிக்கு அருகிலுள்ள சிறு விண்மீன் மண்டலமான சிறிய மெகல்லன் மேகத்தில், ஏறக்குறைய 2 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. 1062 விநாடிக்கு ஒருமுறை சுழலும் நியூட்ரான் விண்மீனும், வேகமாகச் சுழன்று தன்னைச் சுற்றி வாயுத் தட்டை வைத்திருக்கும் பிஇ (Be) வகை விண்மீனும் சேர்ந்த இரட்டை இது. இதைச் சுற்றியுள்ள எச்சத்தை இரண்டு குழுக்கள் 2012-இல் வெளியிட்டன. எச்சத்தின் வயதாகச் சொல்லப்படுவது ஏறக்குறைய 10,000 முதல் 40,000 ஆண்டுகள். அவ்வளவு இளமையில் ஒரு நியூட்ரான் விண்மீன் எப்படி இத்தனை மெதுவாகச் சுழல முடியும் என்பதே இதன் புதிர். மிகப் பிரகாசமானது அல்ல என்பதால் தொடக்கக்காரருக்குப் பல தொல்லைகள் குறையும். அத்திசையில் இடைத்தூசும் குறைவு.

சர்சினஸ் எக்ஸ்-1 இரண்டாவது பாடம். 16.5 நாள் சுற்றுக்காலம் கொண்ட நியூட்ரான் விண்மீன் இரட்டை. 2013-இல் வெளியான ஆய்வு இதன் எச்சம் 4,600 ஆண்டுக்கும் குறைந்த வயதுடையது என்று காட்டியது. ஆனால் இது கடினமானது. காரணத்தை 5-ஆம் படியில் சொல்கிறேன்.

எஸ்எஸ் 433-ஐ முதலில் தொடாதீர்கள். ஒளியின் வேகத்தில் 0.26 பங்கு வேகத்தில் பாயும் தாரைகள், 162 நாளுக்கு ஒருமுறை அவை பம்பரம்போல் திசை மாறுவது என்று யாரையும் ஈர்க்கும் பொருள்தான். ஆனால் அதைச் சூழ்ந்துள்ள டபிள்யூ50 என்ற வாயு முகில் வானில் ஏறக்குறைய இரண்டு பாகை நீளம் பரவியது. நாசாவின் சந்திரா எக்ஸ்-கதிர் விண்தொலைநோக்கியின் ஒரு படம் அகலத்தில் 17 கலைதான் (60 கலை ஒரு பாகை). பல படங்களை ஒட்டித் தைக்கும் வேலை புதியவருக்கு வேண்டாம். தவிர, டபிள்யூ50 முழுவதும் வெடிப்பின் எச்சமா, தாரைகளும் காற்றும் ஊதிப் பெருக்கிய குமிழா என்ற வழக்கும் அதில் உண்டு.

2. கணினியும் மென்பொருளும்

மென்பொருள் அத்தனையும் இலவசம். சந்திரா தரவுக்குச் சியாவ், ஐரோப்பாவின் எக்ஸ்எம்எம்-நியூட்டன் எக்ஸ்-கதிர் விண்தொலைநோக்கியின் தரவுக்குச் சாஸ், பொதுவான வேலைகளுக்கும் நிறமாலைக்கும் ஹீசாஃப்ட் (எக்ஸ்ஸ்பெக் இதற்குள்ளேயே வருகிறது), படம் பார்க்க டிஎஸ்9. பணம் கேட்கும் எந்த இணையதளத்திலிருந்தும் இவற்றை வாங்காதீர்கள்.

விண்டோஸ் கணினியில் இவை நேரடியாக ஓடாது. லினக்ஸ் துணை அமைப்பை முதலில் நிறுவ வேண்டும். 8 ஜிபி நினைவகத்தோடு வேலை நடக்கும், 16 இருந்தால் நிம்மதி. வட்டில் 200 ஜிபி காலியாக வைத்துக்கொள்ளுங்கள். என் செலவு ஒரு வெளி வன்தட்டு மட்டுமே.

மென்பொருளை நிறுவியவர்கள் பெரும்பாலும் மறப்பது அளவுத்திருத்தக் கோப்புகளை. அவை தனியாகப் பதிவிறக்க வேண்டியவை. கருவி விண்வெளியில் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது; அந்த மாற்றத்தின் கணக்கு இந்தக் கோப்புகளில்தான் இருக்கிறது. பழைய கோப்புகளோடு செய்தால் பிழைச்செய்தி எதுவும் வராமல் தவறான விடை வரும். நிறுவிய நாளையும் பதிப்பு எண்ணையும் குறித்துவையுங்கள், கட்டுரை எழுதும்போது கேட்பார்கள்.

நிறுவுவதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். கணினியே சரியில்லை என்றால், நாசாவின் ஹீசார்க் மையம் சைசர்வர் தளத்தில் இலவசக் கணக்கோடு இதே மென்பொருள்களை உலாவியிலேயே ஓட்ட வழி செய்திருக்கிறது. எனக்கு இது தாமதமாகத்தான் தெரிந்தது.

3. தரவு எங்கே, என்னென்ன பதிவு வேண்டும்

சந்திரா, எக்ஸ்எம்எம்-நியூட்டன் இரண்டின் காப்பகங்களிலும் பொதுத் தரவை எடுக்கக் கணக்கு வேண்டாம், கடிதம் வேண்டாம், கட்டணம் இல்லை. பொருளின் பெயரையோ ஆயத்தொலைவையோ கொடுத்தால் போதும். எஸ்எக்ஸ்பி 1062-க்கு வல ஏற்றம் 1 மணி 27 நிமிடம் 46 விநாடி, நடுவரை விலக்கம் தெற்கே 73 பாகை 32 கலை 56 விகலை. பெயரைவிட ஆயத்தொலைவைக் கொண்டு தேடுவதே மேல். சிலர் அதே விண்மீனைத் தற்செயலாக, வேறு பொருளை நோக்கிய படத்தின் ஓரத்தில் பதிவு செய்திருப்பார்கள்.

இஸ்ரோவின் அஸ்ட்ரோசாட் விண்கலத்தின் தரவுக்கு இந்திய விண்வெளி அறிவியல் தரவு மையத்தின் காப்பகத்தில் பதிவு செய்து கணக்குத் தொடங்க வேண்டும். இதை ஆய்வின் முதல் நாளே செய்துவிடுங்கள். ஆனால் அஸ்ட்ரோசாட்டின் எந்தக் கருவி எதற்கு உதவும் என்று தெரிந்து செல்லுங்கள். பெரிய பரப்புள்ள லாக்ஸ்பெக் படம் எடுக்காது. ஏறக்குறைய ஒரு பாகைக்குள் உள்ள எல்லாவற்றையும் கூட்டியே தரும். இரட்டையின் ஏற்ற இறக்கத்தை ஆராய அது அருமையான கருவி. இரட்டையையும் எச்சத்தையும் பிரித்துக் காட்டு என்று அதனிடம் கேட்கக் கூடாது.

விண்வெளியிலிருந்து வானம் முழுவதையும் எக்ஸ்-கதிரில் படமெடுத்த ஈரோசிட்டா கருவியின் முதல் முழுவானத் தரவு 2024 ஜனவரியில் பொதுவுக்கு வந்தது. பரந்த எச்சங்களைப் பார்க்க அதற்கு இணை இல்லை. ஆனால் வந்தது பாதி வானம் மட்டும். மெகல்லன் மேகங்களும் சர்சினஸ் எக்ஸ்-1-உம் அந்தப் பாதியில் உண்டு. எஸ்எஸ் 433 இல்லை. இது தெரியாமல் என் நண்பர் ஒருவர் இரண்டு நாள் தேடியிருக்கிறார்.

புதிய தரவு பெரும்பாலும் ஓராண்டு வரை, நேரம் வாங்கிய ஆய்வாளருக்கு மட்டுமே திறந்திருக்கும். காப்பகத்தில் பூட்டுக் குறி தெரிந்தால் திறக்கும் தேதியும் அங்கேயே இருக்கும். அந்தத் தேதியை நம்பி உங்கள் ஆய்வேட்டுக் கால அட்டவணையைப் போடாதீர்கள்.

4. பதிவிறக்குவதற்கு முன் ஒரு மாலை

இந்த மாலையை நான் செலவிடவில்லை. நீங்கள் செலவிடுங்கள்.

சிம்பாட் தரவுத்தளத்தில் விண்மீனைத் தேடி, வான்படங்களைக் காட்டும் அலாதின் என்ற இலவச மென்பொருளில் வானொலிப் படம், ஹைட்ரஜன் ஒளிப் படம், எக்ஸ்-கதிர்ப் படம் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். கேம்பிரிட்ஜின் டேவ் கிரீன் பராமரிக்கும் பட்டியலில் நம் பால்வெளியின் எச்சங்கள் 300-க்குச் சற்று மேல் இருக்கின்றன. உங்கள் விண்மீனுக்கு ஒரு பாகைச் சுற்றில் உள்ளவற்றை எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு மாக்சி. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2009 முதல் இருந்துவரும் அந்தக் கருவி, பிரகாசமான எக்ஸ்-கதிர் விண்மீன்களின் நாள்வாரி ஒளி அளவைப் பொதுவில் வைத்திருக்கிறது. நீங்கள் எடுக்கப்போகும் ஒவ்வொரு படமும் எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது, அன்று விண்மீன் பிரகாசமாக இருந்ததா மங்கியிருந்ததா என்று பார்த்து ஓர் அட்டவணை எழுதுங்கள். எச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மங்கிய நாளின் படம்தான் வேண்டும்.

5. படம் தயாரித்தல்: இங்கேதான் எல்லோரும் விழுகிறோம்

முதலில் காலையும் மாலையும் பார்த்து மனப்பாடம் ஆக வேண்டியது தூசு ஒளிவட்டம். பிரகாசமான விண்மீனுக்கும் நமக்கும் இடையே தூசு மேகம் இருந்தால், அதில் சிதறிய எக்ஸ்-கதிர் விண்மீனைச் சுற்றி வட்டமாகவோ வளையமாகவோ தெரியும். பார்வைக்கு எச்சம்போலவே இருக்கும். சர்சினஸ் எக்ஸ்-1-இல் இவை இரண்டுமே உண்டு என்பதால்தான் அதைக் கடினம் என்றேன். பல ஆண்டுகள் அது எக்ஸ்-கதிர் வானில் மிகப் பிரகாசமாக எரிந்ததால் எச்சம் அந்த வெளிச்சத்தில் மறைந்திருந்தது. அது மிகவும் மங்கிய காலத்தில் சந்திரா எடுத்த படத்தில்தான் எச்சம் வெளிப்பட்டது. 2013-இன் இறுதியில் அதே விண்மீன் திடீரென்று வெடித்தொளிர்ந்து அணைந்தபோது, தூசு மேகங்களில் எதிரொலித்த வளையங்கள் அடுத்த மாதங்களில் தெரிந்தன. அவற்றை அளந்தே அதன் தொலைவு ஏறக்குறைய 30,700 ஒளியாண்டு என்று கணக்கிட்டார்கள்.

பிரித்தறிய மூன்று கேள்விகள் கேளுங்கள். விண்மீன் மங்கும்போது வட்டமும் மங்குகிறதா? மங்கினால் தூசு, எச்சம் ஒரு மாதத்தில் மாறாது. வட்டத்தின் நிறமாலை விண்மீனின் நிறமாலைபோலவே, சற்று மென்மையாக (குறைந்த ஆற்றல் பக்கம் சாய்ந்து) மட்டும் இருக்கிறதா? ஆம் எனில் தூசு. வட்டத்தில் தனிமங்களின் கோடுகள், சிலிக்கானுக்கு 1.86, கந்தகத்துக்கு 2.46 கிலோ எலக்ட்ரான்வோல்ட் அருகே தெரிகின்றனவா? தெரிந்தால்தான் எச்சம் என்று பேசத் தொடங்கலாம். இரண்டு தேதிகளின் படத்தைப் பக்கத்தில் வைத்து முதல் கேள்வியைக் கேட்டிருந்தால் என் நான்கு மாதம் அரை நாளில் முடிந்திருக்கும்.

அடுத்த கண்ணி, ஒளித்துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவது. சந்திராவின் கருவி வழக்கமாக 3.2 விநாடிக்கு ஒரு சட்டம் (ஃபிரேம்) எடுக்கிறது. அதற்குள் ஒரே புள்ளியில் இரண்டு ஒளித்துகள் வந்தால் ஒன்றாக எண்ணிவிடும். ஆற்றலும் கூடித் தெரியும். பிரகாசமான விண்மீனின் நடுவில் குழிபோல இருட்டு தெரிந்தால் அது ‘வளையக் கட்டமைப்பு’ அல்ல. இந்தக் கோளாறுதான்.

படத்தை மென்மையாக்கும் கருவிகளை அளவோடு பயன்படுத்துங்கள். அவை இல்லாத ஓடுகளையும் இழைகளையும் வரைந்து காட்டும். மென்மையாக்காத படத்தில் ஒளித்துகள்களை எண்ணி நிரூபிக்க முடியாத எதையும் நம்பாதீர்கள். எக்ஸ்எம்எம் தரவில் புரோட்டான் மழை அடித்த நேரங்களையும் நீக்க வேண்டும். சில பதிவுகளில் பாதி நேரம் அதிலேயே போய்விடும். முப்பதாயிரம் விநாடி என்று காப்பகம் சொன்னால் முப்பதாயிரமும் கையில் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

எந்த ஆற்றலில் பார்ப்பது என்பதும் இடத்தைப் பொறுத்தது. சிறிய மெகல்லன் மேகத்தில் 0.5 முதல் 2 கிலோ எலக்ட்ரான்வோல்ட் நல்லது. சர்சினஸ் எக்ஸ்-1 திசையில் வாயுவும் தூசும் அடர்த்தி. 1-க்குக் கீழே ஏறக்குறைய ஒன்றும் வராது.

6. இரட்டையின் துடிப்பும் இரண்டு நிறமாலைகளும்

துடிப்பை முதலில் பாருங்கள், மகிழ்ச்சி தரும் வேலை. எஸ்எக்ஸ்பி 1062-இன் எக்ஸ்எம்எம் தரவை 50 விநாடித் துண்டுகளாக வெட்டி வரைந்தால், ஏறக்குறைய 18 நிமிட ஏற்ற இறக்கம் எழும். சரியாக 1062 வராமல் சில விநாடி கூடினால் பதற வேண்டாம். அந்த விண்மீன் கண்டுபிடித்த பின்னும் மெதுவாகிக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால் ஒளித்துகள் வந்த நேரங்களைச் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்கு மாற்றினீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறமாலையில், இரட்டைக்கும் எச்சத்துக்கும் தனித்தனியே இடைப்பட்ட வாயுவின் அளவைக் கண்டுபிடியுங்கள். இரண்டும் ஒரே தொலைவில் இருந்தால் அந்த அளவும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். ஓர் எச்சரிக்கை: பல இரட்டைகள் தங்கள் சொந்தக் காற்றாலேயே (விண்மீன் வெளியே வீசும் வாயு) தங்களை மூடிக்கொள்கின்றன. ஆகவே இரட்டையின் அளவு கூடுதலாக இருப்பது பொருந்தாமை ஆகாது. எச்சத்தின் அளவு மிகக் கூடுதலாக இருந்து இரட்டையின் அளவு குறைந்தால், எச்சம் பின்னே வெகுதொலைவில் இருக்கிறது.

7. இது அதற்குச் சொந்தமா?

ஒரே திசையில் தெரிவதால் இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதாகாது. இந்தப் படியைத் தாண்டாத எந்த ஆய்வும் படம் காட்டுவதோடு நின்றுவிடும். எல்லாம் காகிதத்தில் போடக்கூடிய கணக்குகள்.

வயதுக் கணக்கு இப்படி. எச்சத்தின் ஆரத்தைப் பார்செக்கில் (1 பார்செக் ஏறக்குறைய 3.26 ஒளியாண்டு) எடுத்து, அதிர்வலையின் வேகத்தால் (விநாடிக்குக் கிலோமீட்டரில்) வகுத்து, 3,91,000-ஆல் பெருக்குங்கள். வயது ஆண்டுகளில் கிடைக்கும். வெப்பநிலை 1 கிலோ எலக்ட்ரான்வோல்ட் என்றால் வேகம் ஏறக்குறைய 900 கிலோமீட்டர். ஆரம் 10 பார்செக் எனில் வயது ஏறக்குறைய 4,300 ஆண்டு. சீரான வாயுவில் விரியும் நடுவயது எச்சத்துக்கே இது பொருந்தும். மிக இளைய எச்சத்துக்கும் குளிர்ந்து மங்கியதற்கும் பொருந்தாது.

ஓட்டக் கணக்குக்கு ஒரு சூத்திரம் போதும்: விநாடிக்கு 1 கிலோமீட்டர் வேகத்தில் செல்வது 10 லட்சம் ஆண்டில் ஏறக்குறைய 1 பார்செக் போகும். வெடிப்பின் உதை விநாடிக்கு 100 கிலோமீட்டர், எச்சத்தின் வயது 20,000 ஆண்டு என்றால் இரட்டை 2 பார்செக் நகர்ந்திருக்கும். சிறிய மெகல்லன் மேகத்தின் தொலைவில் அது 7 விகலைதான் (60 விகலை ஒரு கலை). எனவே அங்கே இரட்டை எச்சத்தின் நடுவுக்கு அருகிலேயே இருக்க வேண்டும். ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த உறவைச் சந்தேகியுங்கள்.

இந்தக் கணக்கின் அருமையைச் சர்சினஸ் எக்ஸ்-1 தான் காட்டுகிறது. அதன் உண்மையான எச்சம் தெரியும் முன், 25 கலை தள்ளியிருக்கும் ஜி321.9-0.3 என்ற எச்சத்திலிருந்து அது தூக்கி எறியப்பட்டது என்று நெடுங்காலம் நம்பினார்கள். இன்று தெரிந்த தொலைவில் 25 கலை என்பது 68 பார்செக். ஒரு லட்சம் ஆண்டில் அதைக் கடக்க விநாடிக்கு 680 கிலோமீட்டர் வேகம் வேண்டும். ஹப்பிள் தொலைநோக்கியின் படங்களை ஆண்டுகள் இடைவெளியில் ஒப்பிட்ட 2002-ஆம் ஆண்டு ஆய்வில் அப்படி ஓர் ஓட்டமே தெரியவில்லை. பக்கத்து எச்சத்தைச் சொந்த எச்சம் என்று தேர்ந்த ஆய்வாளர்களே கருதியிருந்த இடம் இது. நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

துணை விண்மீனின் ஓட்டத்துக்கும் தொலைவுக்கும் கையா விண்கலத்தின் மூன்றாம் வெளியீடு இலவசமாகக் கிடைக்கிறது. பால்வெளிக்குள் சில ஆயிரம் ஒளியாண்டு வரை அதன் இடமாறு தோற்றம் நம்பத்தக்கது. மெகல்லன் மேகத்தில் உள்ள விண்மீனுக்கு அந்த எண்ணைத் தலைகீழாக்கித் தொலைவு கணக்கிடாதீர்கள், அங்கே அளவைவிடப் பிழை பெரிது. எதிர்மறை எண்கூட வரும்.

கடைசியாகத் தற்செயல். மெகல்லன் சிறு மேகத்தில் மட்டும் இத்தகைய இரட்டைகள், உறுதியானவையும் ஐயத்துக்குரியவையுமாக, 100-க்கு மேல் உள்ளன. நீங்கள் தேடும் பரப்பில் எச்சங்கள் 5 விழுக்காடு இடத்தை மூடியிருந்தால், எந்த உறவும் இல்லாமலே 100-இல் 5 இரட்டைகள் எச்சத்துக்குள் விழுந்து தெரியும். உங்கள் பகுதிக்கான இந்த எண்ணைக் கணக்கிட்டுக் கட்டுரையில் எழுதுங்கள். கட்டுரையை மதிப்பிடும் இதழின் நடுவர் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

8. புதிய படம் வேண்டுமென்றால்

சந்திராவுக்கும் எக்ஸ்எம்எம்முக்கும் எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. சந்திராவின் கடைசி நாள் வழக்கமாக மார்ச் நடுவில், எக்ஸ்எம்எம்முக்கு அக்டோபரில். எக்ஸ்எம்எம்முக்கு அக்டோபரில் விண்ணப்பித்தால் முடிவு டிசம்பரில் தெரியும். படம் அடுத்த மே மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் எடுக்கப்படும். ஆக மொத்தம் ஏறக்குறைய 19 மாதம்வரை ஆகலாம். முதுநிலை ஆய்வேட்டுக்கு இது ஒத்துவராது, முனைவர் பட்டத்துக்கு ஒத்துவரும்.

தேவைப்படும் ஆவணங்கள்: பக்க வரம்புக்குள் அறிவியல் நியாயம், எத்தனை ஒளித்துகள் வரும் என்ற கணக்கு (வெப்பிம்ஸ் என்ற இணையக் கருவி போட்டுத்தரும்), ஏற்கெனவே காப்பகத்தில் உள்ள படங்கள் ஏன் போதாது என்ற விளக்கம். கடைசியதில்தான் பல விண்ணப்பங்கள் தோற்கின்றன. 4-ஆம் படியின் அட்டவணை இங்கே கைகொடுக்கும்.

9. எழுதி வெளியிடும்போது

ஆர்க்கைவ் முன்பதிப்புக் களத்தில் ஏற்றக் கட்டணம் இல்லை. ஆனால் முதன்முறை ஏற்றுபவருக்கு, அத்துறையில் ஏற்கெனவே எழுதியவர் ஒருவரின் பரிந்துரை தேவைப்படலாம். கட்டுரை முடிந்தபின் இதற்காக அலையாமல், இரண்டு மாதம் முன்பே யாரிடமாவது பேசி வையுங்கள். இதழ்களில் கட்டணத்தை முன்கூட்டியே பாருங்கள்: ராயல் வானியல் சங்கத்தின் மாத இதழ் 2024 முதல் முழுத் திறந்த அணுக்கத்துக்கு (யாரும் இலவசமாகப் படிக்கும் முறைக்கு) மாறிவிட்டதால் வெளியீட்டுச் செலவு எழுதுபவர் பக்கம் வந்திருக்கிறது. நிறுவன ஒப்பந்தமோ கட்டண விலக்கோ உங்களுக்குப் பொருந்துமா என்று அனுப்பும் முன்பே கேட்டுவிடுங்கள். ஏற்றுக்கொள்ளப்பட்ட பின் விலைப்பட்டியலைப் பார்த்துத் திகைத்தவர்களை எனக்குத் தெரியும்.

பயன்படுத்திய ஒவ்வொரு பதிவின் எண், எடுத்த தேதி, நீக்கிய பின் எஞ்சிய நேரம், மென்பொருள் பதிப்பு, அளவுத்திருத்தப் பதிப்பு ஆகியவற்றை ஓர் அட்டவணையாகக் கட்டுரையில் சேருங்கள். ஒவ்வொரு காப்பகமும் தன் தளத்தில் நன்றி வாசகம் ஒன்றைக் கொடுத்திருக்கும். அதை அப்படியே எடுத்து எழுதுங்கள். எஸ்எக்ஸ்பி 1062-ஐ இந்த வரிசையில் செய்ய, வாரத்துக்குப் பத்து மணி நேரம் என்ற கணக்கில், இரண்டாம் முறை எனக்கு ஏழு வாரம் ஆயிற்று.